கப்பல் வரவும் உண்மை விலையும்: அடுத்த பயணத்தை முன்பதிவு செய்யும் முறை குறித்த ஒரு திறனாய்வு

அமெரிக்கச் சுற்றுலாக் கப்பல் துறையில், ஒரு பயணம் முடிவதற்குள் அடுத்த பயணத்தை விற்றுவிடுவது நன்கு வேரூன்றிவிட்ட வணிக முறையாகும். மியாமி, ஃபோர்ட் லாடர்டேல் முதலிய ஃபுளோரிடாத் துறைமுகங்களிலிருந்து கரீபியன் கடலுக்குச் செல்லும் பெரிய கப்பல்களில் இதற்கெனத் தனி மேசையும் பயிற்சி பெற்ற விற்பனையாளர்களும் உண்டு; அங்கே பதிவு செய்பவருக்குக் குறைந்த முன்பணம், சில வேளைகளில் கட்டணத் தள்ளுபடி, பெரும்பாலும் அடுத்த பயணத்தில் செலவிட்டுக்கொள்ள ஒரு தொகை ஆகியவை சலுகைகளாகத் தரப்படுகின்றன. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்ட தொகையைத் துறையினர் 'ஆன்போர்டு கிரெடிட்' என்பர். கப்பலில் பயணியின் பெயரில் தொடங்கப்படும் செலவுக் கணக்கில் அது முன்கூட்டியே வரவு வைக்கப்படுவதால், இக்கட்டுரை அதனைக் 'கப்பல் வரவு' என்று குறிப்பிடுகிறது. இவ்வரவு பயணிக்கு உண்மையில் எவ்வளவு பெறும், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுக்கிறார், விலையைக் குறைப்பதைவிட வரவு தருவதை நிறுவனங்கள் ஏன் விரும்புகின்றன ஆகிய மூன்று வினாக்களையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் இம்முறையின் நிறைகுறைகளை எடைபோட முடியும்.

முன்பதிவின் இரு வடிவங்கள்

இத்துறையின் பெரும்பகுதி மூன்று குழுமங்களின் கையில் உள்ளது. கார்னிவல் கார்ப்பரேஷன் என்னும் குழுமத்தின்கீழ் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்டு முதலியனவும், ராயல் கரீபியன் குழுமத்தின்கீழ் ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ ஆகியனவும், நார்வீஜியன் குழுமத்தின்கீழ் நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜண்ட் ஆகியனவும் இயங்குகின்றன. ராயல் கரீபியன் தன் திட்டத்தை 'நெக்ஸ்ட்குரூஸ்' என்றும் நார்வீஜியன் 'குரூஸ்நெக்ஸ்ட்' என்றும் அழைக்கின்றன. பெயர்கள் வேறானாலும் இத்திட்டங்கள் இரு வடிவங்களுள் அடங்கிவிடும். முதல் வடிவத்தில் பயணி கப்பல், நாள், அறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து அப்போதே பதிவு செய்கிறார். இரண்டாம் வடிவத்தில் எந்தப் பயணம் என்று முடிவு செய்யாமலேயே ஒரு முன்பணத்தைச் செலுத்திவைத்து, பின்னர் குறித்த காலத்துக்குள் அதனைப் பயன்படுத்திக்கொள்கிறார். பிரின்சஸ் நிறுவனம் நெடுங்காலமாக ஆளுக்கு 100 டாலர் என்ற அளவில் வாங்கிவந்த முன்பணமும், டிஸ்னி நிறுவனம் அறைக்கு 250 டாலர் என்று வாங்கி அடுத்த பயணத்தின் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி தந்துவந்த முறையும் இரண்டாம் வடிவத்துக்கு எடுத்துக்காட்டுகள்.

இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதுவது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். முதல் வடிவத்தில் பயணி ஒரு விலையை ஏற்றுக்கொள்கிறார்; ஆகவே அந்த விலை சரியானதா என்ற ஆய்வு அங்கே தேவைப்படுகிறது. இரண்டாம் வடிவத்தில் அவர் எந்த விலையையும் ஏற்கவில்லை. ஒரு சலுகைக்கான உரிமையை மட்டுமே வாங்கிவைக்கிறார். எனவே முன்பணம் திரும்பக் கிடைக்குமா, உரிமை எப்போது காலாவதியாகும், பிற சலுகைகளோடு சேருமா ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் இரண்டாம் வடிவத்தில் இழப்புக்கு இடம் குறைவு.

கப்பல் வரவின் வகைகள்

கப்பல் வரவு ஒரே பெயரில் வழங்கினாலும் அதன் தன்மை ஒன்றல்ல. திரும்பப் பெறக்கூடிய வரவு என்பது செலவிடாமல் எஞ்சினால் பயண முடிவில் பயணிக்குப் பணமாகவே தரப்படுவது. திரும்பப் பெறவியலாத வரவு, பயணத்தின் கடைசி இரவோடு காலாவதியாகிவிடும். நிறுவனம் விளம்பரச் சலுகையாகத் தரும் வரவு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மதுவகை, கரைச் சுற்றுலா, தனிக்கட்டண உணவகம், இணைய இணைப்பு, ஸ்பா ஆகியவற்றுக்கு இவ்வரவைப் பயன்படுத்தலாம். சூதாட்ட அரங்கில் பயன்படுத்துவதற்குப் பொதுவாகத் தடையோ கட்டுப்பாடோ உண்டு.

வரவு வரும் வழிகளும் பலவாகும். கப்பலில் அடுத்த பயணத்தைப் பதிவு செய்வதற்காக நிறுவனம் தருவது ஒன்று. பயண முகவர் தமக்குக் கிடைக்கும் தரகில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுப்பது மற்றொன்று. பங்குதாரர் என்ற முறையில் கிடைப்பது மூன்றாவது: கார்னிவல் குழுமம் குறைந்தது 100 பங்குகளை வைத்திருப்போருக்கு, 6 நாள் வரையிலான பயணத்துக்கு 50 டாலர், 7 முதல் 13 நாள் வரையிலான பயணத்துக்கு 100 டாலர், 14 நாளும் அதற்கு மேலும் செல்லும் பயணத்துக்கு 250 டாலர் என்ற அளவில் வரவு தந்துவந்திருக்கிறது. ஒரே பயணத்துக்கு இவ்வழிகளில் எத்தனை ஒன்றுசேரலாம் என்பதை அந்தந்தச் சலுகையின் விதிகளே தீர்மானிக்கின்றன.

இதே பெயர்ச்சாயலில் வேறொன்றும் உள்ளது. ரத்தான பயணத்துக்குப் பணத்தைத் திருப்பித் தராமல், பின்னொரு பயணத்தின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளத் தரப்படும் தொகை 'ஃப்யூச்சர் குரூஸ் கிரெடிட்' எனப்படும். 2020 மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல் பயணங்களுக்குத் தடை விதித்தபோது, பணத்தைத் திரும்பக் கேட்காமல் காத்திருப்போருக்குச் செலுத்திய தொகையில் 125 சதவீதம் வரை இவ்வகைக் கிரெடிட்டாகத் தருவதற்குப் பல நிறுவனங்கள் முன்வந்தன. இது கட்டணத்தில் கழியும். கப்பல் வரவோ கட்டணத்தைத் தொடாது, ஏறிய பின் ஆகும் செலவில் மட்டுமே கழியும். இந்த வேறுபாட்டை அறியாதவர், 200 டாலர் வரவு கிடைத்தால் கட்டணத்தில் 200 டாலர் குறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள நேரும்.

விலையின் உறுப்புகள்

வரவின் மதிப்பை அறிய, அது எந்த விலையோடு ஒட்டிவருகிறது என்பதை முதலில் பகுத்துப் பார்க்க வேண்டும். கப்பல் பயணத்தின் விலையில் அடிப்படைக் கட்டணம், அரசு வரிகளும் துறைமுகச் செலவுகளும், பணியாளர்களுக்கான அன்பளிப்பு என்னும் டிப்ஸ், பயணியின் விருப்பச் செலவுகள் ஆகிய நான்கு உறுப்புகள் உள்ளன. அடிப்படைக் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்குவர் என்ற கணக்கில் ஆள்வீதம் கூறப்படுவதால், தனியாகச் செல்பவர் பல பயணங்களில் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தையே செலுத்த வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் அளவில் கணக்கில் தானாகவே சேர்க்கப்படுகிறது. மதுவகைகளுக்கும் பானத் தொகுப்புகளுக்கும் 18 அல்லது 20 சதவீதச் சேவைக் கட்டணம் தனியே ஏறுகிறது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 478 என்னும் சட்டம், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதித்தது. அதன்பின் பெரிய கப்பல் நிறுவனங்கள் வரியும் துறைமுகச் செலவும் உள்ளடங்கிய விலையை அமெரிக்கா முழுவதற்குமே காட்டத் தொடங்கின. விலைகளை ஒப்பிடுவதில் இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆயினும் டிப்ஸைப் பயணி விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அது கட்டாயக் கட்டணமாகக் கொள்ளப்படாமல், விளம்பர விலைக்கு வெளியிலேயே நிற்கிறது.

அடிப்படைக் கட்டணம் நிலையானதன்று. பயணங்கள் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு அல்லது அதற்கும் முன்பே விற்பனைக்கு விடப்படுகின்றன. அறைகள் நிரம்பும் வேகத்துக்கேற்ப விலை கூடவும் குறையவும் செய்கிறது. ஒரு வாரப் பயணங்களுக்கு, முழுத்தொகையையும் செலுத்துவதற்கான கடைசி நாள் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள்களுக்கு முன் அமைவது பொதுவழக்கம். அமெரிக்கச் சந்தையில் அந்த நாளுக்கு முன் விலை இறங்கினால், புதிய விலைக்கு மாற்றித்தருமாறு பயணி கேட்கலாம்; அப்படி மாற்றும்போது பழைய பதிவோடு வந்த சலுகை சில வேளைகளில் நீங்கிவிடும். அந்த நாள் கடந்தபின் விலை இறங்கினால், நிறுவனம் நல்லெண்ணத்தின் பேரில் வரவாகவோ உயர்ந்த அறையாகவோ ஈடு தரலாம், கட்டாயமில்லை.

முறையின் நிறைகள்

பயணியின் பக்கம் நின்று நோக்கினால் இம்முறைக்கு உண்மையான நன்மைகள் உண்டு. முதலாவது, குறைந்த முன்பணம். கரையிலிருந்து பதிவு செய்பவர் கட்டணத்தின் கணிசமான பகுதியை முன்பணமாகச் செலுத்த நேரும் இடத்தில், கப்பலில் பதிவு செய்பவர் சிறு தொகையோடு இடத்தைப் பிடித்துவைக்க முடிகிறது. இரண்டாவது, தேர்வுரிமை. கடல்நோக்கிய பால்கனி அறைகள், குடும்பமாகத் தங்கும் அறைகள், கப்பலின் ஆட்டம் குறைவாக உணரப்படும் நடுப்பகுதி அறைகள் ஆகியவை முதலில் விற்றுத்தீர்வன. விற்பனை தொடங்கிய காலத்திலேயே பதிவு செய்பவருக்கே அவை கிடைக்கின்றன. மூன்றாவது, முன்பணம் திரும்பக் கிடைப்பதாகவும் விலைகுறைந்தால் மாற்றிக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கும் பதிவில், விலை ஏறினால் ஏற்றம் பயணியைத் தாக்குவதில்லை. இறங்கினால் இறக்கத்தின் பயன் அவருக்குக் கிடைக்கிறது.

பயண முகவருக்கும் இம்முறை வழியடைத்துவிடவில்லை. முகவர் மூலம் வந்த பயணி கப்பலில் அடுத்த பயணத்தைப் பதிவு செய்தால், அப்பதிவு பொதுவாக அதே முகவரின் பெயரில் சேர்க்கப்படுகிறது. நேரடியாகப் பதிவு செய்தவரும் குறித்த நாள்களுக்குள் தம் பதிவை ஒரு முகவருக்கு மாற்றிவிடலாம். அவ்வாறு மாற்றும்போது நிறுவனம் தரும் வரவோடு முகவர் தரும் வரவும் சேர வாய்ப்புண்டு. இதனை அறிந்த பயணிகள் ஒரே விலைக்கு இரட்டைப் பயன் பெறுகின்றனர். நிறுவனத்துக்கோ, தன் கப்பலை ஏற்கெனவே விரும்பிய ஒருவரை விளம்பரச் செலவின்றி மீண்டும் பெறவும், வருங்காலப் பயணங்கள் எந்த அளவுக்கு நிரம்பும் என்பதை முன்னரே கணிக்கவும் இது உதவுகிறது.

முறையின் குறைகள்

முதற்குறை, சலுகை பணமாக இல்லாமல் வரவாகத் தரப்படுவதிலேயே உள்ளது. விளம்பர விலையை 100 டாலர் குறைத்தால் நிறுவனம் 100 டாலரையும் இழக்கிறது. முன்னரே பதிவு செய்தவர்களும் அந்தக் குறைந்த விலையைக் கேட்பர். 100 டாலர் வரவாகத் தந்தாலோ விலைப்பட்டியல் அப்படியே நிற்கும். வரவு செலவாகும் பொருள்கள் மதுவும் ஸ்பாவும் போன்ற மிகுந்த இலாபம் தருவன என்பதால், நிறுவனத்துக்கு அதன் அடக்கச் செலவு 100 டாலரினும் குறைவு. செலவாகாமல் காலாவதியாகும் பகுதி முழுவதும் நிறுவனத்துக்கே மிச்சம். துணிக்கடை தரும் பரிசுக் கூப்பனைப் போலவே, வரவும் அதன் அளவைத் தாண்டிச் செலவிடப் பயணியைத் தூண்டுகிறது. கார்னிவல் குழுமத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,500 கோடி டாலர். அதில் சுமார் 860 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கப்பலில் ஆகும் செலவு முதலிய கட்டணமல்லாத இனங்களிலிருந்து வந்தது. பயணியைக் கப்பலுக்குள் செலவிட வைப்பது இத்துறைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்த விகிதமே காட்டுகிறது.

இரண்டாம் குறை, வரவின் வாங்கும் ஆற்றல் இடத்துக்கேற்ப மாறுவது. பானத் தொகுப்பு, இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா முதலியவற்றைப் புறப்படுமுன் நிறுவனத்தின் முன்விற்பனையில் வாங்கினால் விலை குறைவாகவும், கப்பலில் ஏறியபின் வாங்கினால் கூடுதலாகவும் இருப்பது பல நிறுவனங்களில் வழக்கம். கப்பலில் மட்டுமே செல்லும் வரவைக் கொண்டு 100 டாலருக்கு வாங்கும் ஒன்றை முன்கூட்டியே 80 டாலருக்கு வாங்கியிருக்க முடியுமாயின், அந்த வரவின் மதிப்பு 80 டாலர் மட்டுமே.

மூன்றாம் குறை, முடிவெடுக்கப்படும் சூழல். விடுமுறையின் நிறைவான மனநிலையில், பிற நிறுவனங்களின் விலையைப் பொறுமையாக ஒப்பிட வசதியில்லாத நிலையில், கப்பலை விட்டு இறங்கினால் இச்சலுகை கிடைக்காது என்ற அவசரத்தோடு பயணி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்பணம் திரும்பக் கிடைப்பதாக இருந்தால் இக்குறை பெரிதன்று. வீடு திரும்பி ஆராய்ந்து வேண்டாமெனில் ரத்து செய்துவிடலாம். முன்பணம் திரும்பக் கிடைக்காத வகையாயின் அவசரத்தின் விலையைப் பயணியே ஏற்க நேரிடும். ராயல் கரீபியன் நிறுவனம் இவ்விரு வகை விலைகளையும் அருகருகே விற்கிறது. திரும்பக் கிடைக்காத வகையின் விலை குறைவு, ஆனால் பயணத்தை மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் மாற்றுக் கட்டணம் உண்டு. 100 டாலர் வரவுக்காக இவ்வகைப் பதிவைச் செய்துவிட்டுப் பின்னர் நாளை மாற்றும் இருவர், தாம் பெற்றதைப்போல் இருமடங்கை இழக்கின்றனர்.

நான்காம் குறை, பணம் நெடுங்காலம் நிறுவனத்திடம் முடங்குவது. 2024 மே மாத இறுதியில் கார்னிவல் குழுமத்திடம் இருந்த வாடிக்கையாளர் முன்பணம் 830 கோடி டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது. வருங்காலப் பயணிகள் வட்டியின்றித் தந்த கடனாகவே இதனைக் கருத வேண்டும். நிறுவனம் நொடித்தால் இக்கடன் என்னாகும் என்பதற்குக் கிரிஸ்டல் குரூசஸ் நிறுவனம் சான்று. அதன் தாய்நிறுவனமான கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் நொடித்தபோது கிரிஸ்டல் தன் இயக்கத்தை நிறுத்தியது. அதன் கப்பல்கள் பகாமாசில் பறிமுதல் செய்யப்பட்டன. முன்பணம் செலுத்தியிருந்தோர் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. அமெரிக்கக் கூட்டாட்சிக் கடல்வணிக ஆணையம் நிறுவனங்களிடம் பிணைத்தொகை கோருகிறது எனினும், அதற்குச் சில கோடி டாலர் அளவில் உச்சவரம்பு இருப்பதால் பெரிய நிறுவனங்களின் முன்பணம் முழுவதற்கும் அது காப்பாகாது.

ஒரு கணக்கு

மேற்கண்ட கூறுகளை எடுத்துக்காட்டாக அமைந்த ஒரு கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். இருவர் செல்லும் ஏழு இரவுப் பயணத்துக்குக் கப்பலில் பதிவு செய்தால் அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 1,000 டாலர், திரும்பப் பெறவியலாத கப்பல் வரவு அறைக்கு 200 டாலர் என்று கொள்க. அதே பயணம் பின்னர் வேறு வழியில் ஆளுக்கு 930 டாலருக்கு, வரவு ஏதுமின்றிக் கிடைப்பதாகவும் கொள்க. இரண்டிலும் வரியும் துறைமுகச் செலவும் இருவருக்கும் சேர்த்து 320 டாலர். நாளுக்கு ஆள்வீதம் 18 டாலர் எனில் டிப்ஸ் 252 டாலர். முதலாவதன் மொத்தம் 2,572 டாலர். இரண்டாவதன் மொத்தம் 2,432 டாலர். வேறுபாடு 140 டாலர்.

வரவு 200 டாலர் என்பதால் முதலாவதே 60 டாலர் இலாபம் என்று மேலோட்டமாகத் தோன்றும். வரவை டிப்ஸுக்குச் செலுத்த அந்த நிறுவனம் அனுமதித்தால் இத்தோற்றம் உண்மையாகும்; எப்படியும் ஆகப்போகும் செலவில் 200 டாலரும் முழுமையாகக் கழிந்து, நிகர விலை 2,372 டாலர் ஆகிறது. அதற்கு அனுமதியில்லாமல், மது அருந்தாத, ஸ்பாவுக்குச் செல்லாத இருவர் தம் விருப்பத்தில் 100 டாலருக்கு மேல் செலவிடமாட்டார்கள் எனில் நிகர விலை 2,472 டாலராகி, இரண்டாவதைவிட 40 டாலர் கூடிவிடும். எஞ்சிய 100 டாலர் வீணாகக் கூடாதென்று கடைசி நாளில் தேவையற்ற பொருளை வாங்கினாலும் இக்கணக்கு மாறாது. ஆக, ஒரே சலுகை ஒருவருக்கு இலாபமாகவும் இன்னொருவருக்கு நட்டமாகவும் அமைகிறது. வரவின் மதிப்பை, வரவு இல்லாவிட்டாலும் பயணி செய்திருக்கக்கூடிய செலவே தீர்மானிக்கிறது.

மதிப்பீடு

நிறைகளையும் குறைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், திரும்பக் கிடைக்கும் சிறு முன்பணமும், விலைகுறைந்தால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்த பதிவு பயணிக்குச் சாதகமானது என்பது புலப்படும். அவ்விரண்டும் இருக்குமிடத்தில் கப்பல் வரவு கூடுதல் பயனே. அவை இல்லாத இடத்தில் வரவு எவ்வளவு பெரிதாயினும், அது பயணியின் சுதந்திரத்துக்கு ஈடாகத் தரப்படும் விலையாகிவிடுகிறது. அந்த ஈடு பெரும்பாலும் போதுமானதாக இருப்பதில்லை. எனவே இம்முறையை எடைபோடும்போது வரவின் தொகைக்கு முதலிடம் தராமல், முன்பணத்தின் தன்மைக்கே முதலிடம் தர வேண்டும்.

நிறுவனங்கள் தம் பக்கத்தில் செய்யவேண்டுவன இரண்டு: டிப்ஸையும் சேர்த்த முழுவிலையைப் பதிவு செய்யும்போதே காட்டுதல், வரவு திரும்பக் கிடைக்குமா, டிப்ஸுக்கும் முன்விற்பனைக்கும் செல்லுமா என்பதைச் சலுகையின் தொகைக்கு அருகிலேயே அச்சிடுதல். இவை நடைமுறைக்கு வரும்வரை, பயணி மொத்தச் செலவைக் கூட்டி, தாம் எப்படியும் செலவிடப்போகும் அளவுக்கு மட்டும் வரவைக் கழித்து, எஞ்சும் தொகையைப் பிற விலைகளோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் செலுத்துவது நல்லது.